அம்மையைக் கொண்டுவந்தது யார்

மார்ச் 30, வியாழன்

காலையிலேயே புழுக்கம். காற்று இல்லை. கிருமாம்பாக்கம் போனேன். தண்ணீர்க் குழாய் உடைந்து ஒன்பது நாள், தெருவெல்லாம் சேறு. குழாய்க்கு எதிர் வீட்டுக்காரர் பேச ஒப்புக்கொண்டார். போட்டோ மட்டும் வேண்டாமாம். வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை, மூன்று வயதிருக்கும், ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டது. இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. என் பேனாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தாய் உள்ளிருந்து இரண்டு முறை கூப்பிட்டாள். "ஏய், உள்ள வாடி. அந்தாண்ட போவாதன்னு சொன்னேன்ல." இருக்கட்டும்மா என்றேன். அரை மணி நேரம் என் மடியிலேயே தூங்கியது. அந்த வீட்டுக் கதவில் வேப்பிலை செருகியிருந்தது. ஊர்க் கோயிலில் காப்புக் கட்டியிருப்பார்கள். கேட்கவில்லை.

செய்தி நான்கு பத்தி. இரண்டாக வெட்டுவார்கள்.

மாலை வீட்டில் மனைவி தெரசா முகத்தில் வெளிச்சம். ஷீலா போன் செய்தாளாம். மாதா கோயில் கொடியேற்றத்துக்குக் குடும்பத்தோடு வருகிறார்களாம். தெ. இதை மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

ஏப்ரல் 13, வியாழன்

வெயில். முதுகு வலி. வாங்கியவை: கொசுவலை, பிஸ்கட், குழந்தைக்கு ராகி மாவு, பிளாஸ்டிக் வாளி சின்னது. கிணற்று மூடிக்குப் பூட்டு.

ஷீலா தெ.வின் தம்பி மகள். கல்யாணமாகி ஓசூர் போய் ஆறு வருடம், ஒருமுறைகூட எங்கள் ஒதியம்பட்டு வீட்டுக்கு வரவில்லை. காரணம் நான். மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துச் சொல்லுங்கள் என்று மச்சான் கேட்டார். பண்ருட்டியில் இரண்டு நாள் விசாரித்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மச்சான் அதை பைபிளுக்குள் வைத்திருந்தார். அது மாப்பிள்ளை ரமேஷ் கையிலேயே கிடைத்துவிட்டது. எழுதியதில் பொய் எதுவும் இல்லை. இன்று கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.

தெ. சொன்னது: "பத்து நாளைக்கு நீங்க ரிப்போர்ட்டர் இல்ல. மாமா. அவ்ளோதான்."

பதினொன்றரைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பெண் ஜெசி, ஐந்து வயது. பையன் சித்து, எட்டு மாதம். ரமேஷ் "வணக்கம் மாமா" என்றான், கை கொடுக்கவில்லை. ஜெசியின் முழங்காலுக்குக் கீழே மூன்று சிவப்புப் புள்ளி. "கொசு மாமா" என்றாள் ஷீலா. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு வரும் பதிலைக் குறித்துக்கொள்வது நாற்பது வருடப் பழக்கம்.

தெ. கறிக்குழம்பு, வடை, பாயசம். சமையலறையில் பாட்டு.

ஏப்ரல் 14, வெள்ளி

விடியும்போதே காய்ச்சல். 101. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், தெ. அதற்கப்புறம் என்னோடு பேசமாட்டாள். மாத்திரை போட்டேன். மதியம் சித்து என் தோளிலேயே தூங்கினான். தெ. தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஷீலாவின் பையில் ரோஸ் நிறத் தைலம், தோலுக்குப் போடுவது, பாதி தீர்ந்தது. துண்டு எடுக்கும்போது கண்ணில் பட்டது. கொசுக்கடிக்கு இவ்வளவா?

ஏப்ரல் 15, சனி

குளிக்கும்போது பார்த்தேன். மார்பில் எட்டு, வயிற்றில் நான்கு, நீர் கோத்து. முதுகில் எத்தனை என்று தெரியவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்த தெ., "ஐயையோ, அம்மைங்க" என்றாள்.

ரமேஷ் ஆட்டோவில் வில்லியனூர் கூட்டிப்போனான். டாக்டர் சிரித்தார். "அறுபத்தோரு வயசுல வர்றீங்களே சார், சின்ன வயசுல வரலியா?" வரவில்லை. தெ.வுக்கு வந்தது. ஷீலாவுக்கும் ரமேஷுக்கும் வந்ததாம். ஜெசிக்கு ஊசி போட்டிருக்கிறதாம். இந்த வீட்டில் அம்மைக்கு இடம் காலியாக இருந்தது எனக்கும் சித்துவுக்கும்தான். என்னை ஆட்டோவில் உட்காரச் சொல்லிவிட்டு, ரமேஷை மட்டும் நிறுத்தி டாக்டர் இரண்டு நிமிடம் பேசினார். வெளியே வந்தவன் முகம் சரியில்லை. "இன்னா சொன்னாரு?" என்றேன். "ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு மாமா." அதற்கு இரண்டு நிமிடம் ஆகாது.

கேட்டில் வேப்பிலை. ஜன்னல் ஓர அறையில் என்னை வைத்தாகிவிட்டது. கொடியேற்றத்துக்குப் போகவில்லை, முப்பது வருடத்தில் முதல் முறை. வேட்டுச் சத்தம் இங்கேயே கேட்டது. ஆபீசிலிருந்து போன்: "சார், கொடியேத்தம் மேட்டர் இன்னும் வரலியே?"

ரமேஷின் அம்மா போனில், ஸ்பீக்கரில்: "ஆத்தா வந்த வூட்ட வுட்டுட்டுக் கெளம்பக் கூடாது. தண்ணி ஊத்தற வரைக்கும் அங்கியே இருங்க." எட்டு மாதக் குழந்தையை அம்மை போட்ட வீட்டில் இருக்கச் சொல்கிறாள் ஒருத்தி. இவர்களும் சரி என்கிறார்கள். ஏன்?

ஏப்ரல் 16, ஞாயிறு

ராத்திரி 103. அரிப்பு. வேப்பிலைக் கொத்தால் தடவிக்கொள்ள வேண்டுமாம், நகம் படக்கூடாது. நுங்கு. கஞ்சி.

என்னிடம் இருப்பவை:
கால் புள்ளி மூன்று. வலியச் சொன்ன கொசு.
பாதி தீர்ந்த தைலம்.
டாக்டரோடு இரண்டு நிமிடம்.
பள்ளி இன்னும் நடக்கிறது என்று ஜெசி சொல்கிறாள். பிறகு எப்படி லீவு?

வந்த மறுநாள் எனக்குக் காய்ச்சல். இதைவிட நேரான வரிசை எந்தச் செய்தியிலும் கிடைத்ததில்லை. பள்ளியில் அம்மை. பெண்ணுக்கு லேசாக வந்து போயிருக்கிறது. மறைத்துக் கூட்டிவந்துவிட்டார்கள்.

மாலை, முருங்கை மரத்தடியில் ரமேஷ் போனில். ஜன்னலுக்கு நேர் கீழே. "இல்லப்பா, அவருக்கு இன்னும் தெரியாது. சொல்ல வேணாம்னு அத்தை சொல்லிட்டாங்க." வார்த்தைக்கு வார்த்தை இப்படியே கேட்டது. அத்தை என்பது தெ. ஆக, தெ.வும்.

ஏப்ரல் 17, திங்கள்

ஜெசி ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று என் புள்ளிகளை எண்ணினாள். வேப்பங்குச்சியால் காற்றில் தொட்டுத் தொட்டு. முப்பத்தொன்பதுக்குப் பிறகு அவளுக்கு எண் தெரியவில்லை, மறுபடி ஒன்றிலிருந்து.

கேட்டேன்: "உன் கிளாஸ்ல யாராவது லீவா?"

"பிரணவ் லீவு."

"எத்தினி நாளா?"

"நெறைய நாள்."

"அவன் மேலயும் இந்த மாதிரி புள்ளி இருந்துச்சா?"

குழந்தை யோசித்தது. அதற்குள் பின்னால் ஷீலா. எவ்வளவு நேரமாக நின்றாள், தெரியாது.

"கொழந்தையாண்டயுமா மாமா?"

"சும்மா பேசிக்கினு இருந்தேம்மா."

"அன்னிக்கு அவர விசாரிச்சீங்க. இப்ப அஞ்சு வயசுப் பொண்ண. அடுத்தது சித்துவா? அவன் இன்னும் பேசக்கூட மாட்டான், வுட்டுடுங்க."

ஜெசியை இழுத்துக்கொண்டு போனாள். ஜெசி திரும்பிப் பார்த்துக் கேட்டது எனக்கும் கேட்டது: "அம்மா, தாத்தாவுக்கு என்னாலதான் வந்துச்சா?"

தெ. கஞ்சியை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போனாள். உப்பு இல்லை. கேட்கவில்லை.

ஏப்ரல் 18, செவ்வாய்

ரமேஷ் மட்டும் ஓசூர் கிளம்பிவிட்டான். மனைவி, பிள்ளைகள் இங்கேயே. தண்ணீர் ஊற்றும்வரை யாரும் கிளம்பக்கூடாது என்றால் இவன் மட்டும் எப்படி? கேட்டருகில் ஷீலா அழுதது தெரிந்தது. "தெனம் போன் பண்ணு. கொஞ்சம் சூடு இருந்தாலும் சொல்லு" என்றான். யாருக்குச் சூடு?

ஏப்ரல் 19, புதன்

தாளிக்காத சாப்பாடு ஐந்தாம் நாள். ஜெசி குரல்: "இன்னிக்கும் வெள்ளக் கொழம்பா பாட்டி?" யாரும் சிரிக்கவில்லை.

என் பக்கம் ஒரு நிபுணர் வேண்டியிருந்தது. பாகூர் பழைய சுகாதார ஆய்வாளருக்குப் போன் போட்டேன். ஓய்வு பெற்று எட்டு வருடம். இன்னும் அதே அதட்டல்.

"பொண்ணு வந்து எறங்குச்சு, மறுநாள் எனக்குக் காய்ச்சல். அதுகிட்டேர்ந்துதானே வந்திருக்கும்?"

"இன்னாபா, இத்தினி வருஷம் நியூஸ் போட்டுக்கினு இருக்க. மறுநாளே வர்றதுக்கு அது இன்னா பஸ்ஸா? கொறஞ்சது பத்து நாள் உள்ள இருக்கும். ரெண்டு வாரம் வச்சுக்கோ. மூணுகூட ஆவும். பொண்ணு எப்ப வந்துச்சு?"

"பதிமூணாந்தேதி."

"அப்ப அத வுடு. மாசக் கடைசில நீ எங்க போன, யாரத் தொட்ட? அதப் பாரு."

போனை வைத்துவிட்டு இந்த நோட்டைத் திருப்பினேன். மார்ச் 27, வீடு. 28, நகராட்சிக் கூட்டம். 29, வீடு. 30, கிருமாம்பாக்கம். என் கையெழுத்துதான். முழுக்கைச் சட்டை, வேப்பிலை, கூப்பிட்ட தாய், இருக்கட்டும்மா என்ற நான். பத்தியின் கடைசியில் ஒரு சொல்: கேட்கவில்லை.

அன்றிலிருந்து காய்ச்சல் வந்த நாள் வரை விரல் விட்டு எண்ணினேன். பதினைந்து.

அதற்கப்புறம் அடுத்த கணக்கு தானாக வந்தது. 14ஆம் தேதி 101 காய்ச்சலோடு மதியம் முழுக்கச் சித்துவைத் தோளில் வைத்திருந்தேன். அவனுக்கு எட்டு மாதம். ஊசி போடும் வயது ஆகவில்லை. அவனுக்கு அம்மை வெளியே தெரிய இன்னும் நாள் இருக்கிறது.

ஏப்ரல் 22, சனி

காலை தலைக்குத் தண்ணீர். மஞ்சள், வேப்பிலை, வெயிலில் வைத்த வாளி. ஜெசிக்கு வாங்கிய சின்ன வாளியால் தெ. ஊற்றினாள். புள்ளிகள் காய்ந்துவிட்டன. மூன்று நாளாகச் சொல்ல நினைத்தும் சொல்லவில்லை. எல்லோரும் இருக்கும்போது ஒரே தடவை சொல்லிவிடலாம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

ரமேஷ் பத்து மணிக்கு வந்தான். கூடத்தில் மூன்று பேரையும் உட்காரச் சொன்னேன். மார்ச் 30 பக்கத்தை வாசித்தேன், முழுக்க. அந்தக் 'கேட்கவில்லை' உட்பட. பிறகு ஏப்ரல் 14. காய்ச்சலை மறைத்தது இதுவரை தெ.வுக்கும் தெரியாது. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஜெசி இல்ல. நீங்க யாரும் இல்ல. கொண்டாந்தது நான்" என்றேன்.

ரமேஷ் மெதுவாகத் தண்ணீர் குடித்தான். "தெரியும் மாமா."

"எப்போ?"

"டாக்டர் மொத நாளே சொன்னாரு. இவருக்குத் தொத்தி ரெண்டு வாரத்துக்கு மேல ஆயிருக்கும், நீங்க வந்தே ரெண்டு நாள்தான ஆவுதுன்னாரு. வீட்ல யாராவது கர்ப்பமான்னு கேட்டாரு. எங்க வூட்ல கூடவே இருக்கற அண்ணிக்கு ஏழு மாசம். அண்ணிக்கு இது வந்ததே இல்ல. சித்து இனிமே அங்க போவக் கூடாது, மூணு வாரம் பாத்துட்டுத்தான் போவணும்னு சொல்லிட்டாரு. அம்மா ஆத்தா பேரச் சொல்லிச்சு. நானும் சரின்னுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

தெ. சொன்னாள்: "நூத்தி மூணு காய்ச்சல்ல பெனாத்திக்கினு கெடக்கற ஆளாண்ட, உங்களாலதான் கொழந்தைக்கு வரப்போவுதுன்னு எப்பிடிங்க சொல்றது?"

"நான் உங்களச் சந்தேகப்பட்டேனே. அதுவும் தெரியுமா?"

"அது எங்களுக்கு இன்னா புதுசா மாமா?" என்றான் ரமேஷ். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று. "அந்த ரெண்டு பக்கம் இன்னும் என்னாண்டதான் இருக்கு. ஒரு தப்பு இருக்கு அதுல. மூணு வேலை மாறினேன்னு போட்டிருக்கீங்க. ரெண்டுதான். மூணாவது எங்க அண்ணன் மாறினது."

தைலத்தைப் பற்றி நானே ஷீலாவிடம் கேட்டுவிட்டேன், வாய் சும்மா இருக்காது. சித்துவுக்கு வேர்க்குரு. பிரணவ்? தாத்தா வீட்டுக்குப் போயிருக்கிறான். பெரிய வகுப்புகளுக்கு மட்டும்தான் பள்ளி. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "எங்களாண்ட சொன்னது போதும் மாமா. அவளாண்ட சொல்லுங்க. அவளத்தான் கேட்டீங்க" என்றாள்.

ஜெசி முருங்கை மரத்தடியில். குனிந்து சொன்னேன்: "உன்னால வரலம்மா."

"எனக்குத் தெரியும். எனக்குத்தான் புள்ளியே இல்லியே."

திருத்தம்: வேலை மாறியது இரண்டு. மூன்று அல்ல. ஆறு வருடம் பிந்தியது.

ஏப்ரல் 29, சனி

வெயில். காலை ஏழு. சித்துவின் காதுக்குப் பின்னால் ஒன்று. முதலில் பார்த்தது நான், தூரத்திலிருந்து. வேர்க்குருவாக இருக்கலாம். காத்திருக்கவில்லை. உடனே ஷீலாவைக் கூப்பிட்டேன்.

மதியம் வயிற்றில் ஆறு. உடம்பு கொதிக்கிறது. டாக்டர்: குழந்தைகள் பெரும்பாலும் தாங்கிவிடும், பால் குடிக்க மறுத்தாலும், எழுப்பி எழாவிட்டாலும் உடனே தூக்கிவாருங்கள். ஷீலா தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

புது வேப்பிலை நானே ஒடித்துக் கேட்டில் கட்டினேன். தெருவில் போனவர், "இன்னும் எறங்கலியா சார்?" என்றார். "கொழந்தைக்கு. என்னால" என்றேன்.

ஏப்ரல் 30, ஞாயிறு

102. பால் இரண்டு முறை மறுத்தான். மூன்றாவது முறை குடித்தான். பூசைக்கு யாரும் போகவில்லை. தெ. ஜெபமாலையோடு தொட்டிலருகில். நான் இரண்டு மணிக்கொருமுறை சூடு பார்த்து எழுதுகிறேன். ஷீலா கேட்காமலே தாளை அவள் பக்கம் திருப்பி வைக்கிறேன்.

மே 3, புதன்

காலை 98.6. மதியமும் அதுவே. காய்ந்துவருகிறது. புதிதாக ஒன்றும் இல்லை. ரமேஷ் ஓசூரிலிருந்து போனில் அழுதான், ஷீலா ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள், தெரியாமலா வேண்டுமென்றா, கேட்கவில்லை. தெ. ஐந்து நாளில் முதல் முறையாக எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள். தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தாளிக்கணும் என்று முணுமுணுத்தாள், கடுகை மட்டும் போடாமல் ஒதுக்கி வைத்துவிட்டாள்.

மாலை நான்கு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஷீலா வந்து நின்றாள். "எனக்குத் துணி காயப்போடணும் மாமா. அத்தை அடுப்படில இருக்காங்க." சித்துவை நீட்டினாள். "உங்களுக்கும் வந்துடுச்சு, அவனுக்கும் வந்துடுச்சு. இனிமே இன்னா."

மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கனம் குறைந்திருக்கிறான். தலையில் வேப்பிலை வாசம். நோட்டைத் தட்டுகிறான், பேனாவைப் பிடித்துவிட்டான், விட மா