மழை, நிதி, தடைக்கு உட்பட்டு

மார்ச் 2
எழுதப் படிக்கக் கற்று நாலு மாதம். வயது எழுபத்தொன்று. தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார் டீச்சர். எழுதிவிட்டேன்.

மார்ச் 5
டாக்டர் தேர்தலில் நிற்கிறார். அவரே வக்கீலும்கூட: முன் அறையில் வைத்தியம், பின் அறையில் வக்கீல் வேலை. இரண்டுக்கும் டோக்கன் கூப்பிடுகிறவன் நான். பெரிய கட்சிகள் இரண்டும் வேண்டாமாம். மூன்றாவது கட்சி. அதன் ஆட்கள் அத்தனை பேரும் எங்கள் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இடம் மிச்சமிருந்தது.

மார்ச் 9
டாக்டரின் தேர்தல் அறிக்கையைப் படித்து முடித்தேன். நான்கு பக்கம், மூன்று நாள்! 'குடிநீர் கொண்டு வருவேன்' என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அவருக்குள் இருக்கும் வக்கீல் அதில் ஒரு வால் ஒட்டியிருக்கிறார்: 'மழை, நிதி, நீதிமன்றத் தடை ஆகியவற்றுக்கு உட்பட்டு.' எல்லா வாக்குறுதிக்கும் வால் உண்டு. இதை முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். பெருமையாக இருக்கிறது.

மார்ச் 14
ஓட்டுக் கேட்கப் போனோம். தையல்காரரின் கையைக் குலுக்கிய டாக்டர் அப்படியே நகத்தைப் பார்த்து, "ரத்தம் கம்மி. நாளைக்கு வாங்க" என்றார். ஓட்டைக் கேட்க மறந்துவிட்டார்.

மார்ச் 20
முட்டிவலி அம்மா பெஞ்சில் ஆரம்பித்தார். "ஜெயிச்சா தலைநகரம் போயிடுவாரே! என் முட்டியை யாரு பாக்குறது?"
"வேற டாக்டர் வருவாரும்மா."
"வேற டாக்டர் இப்படித் திட்டுவாரா? இவர் திட்டினாத்தான்யா மாத்திரையே வேலை செய்யுது."
பெஞ்சு முழுக்கத் தலையாட்டியது. நானும் ஆட்டினேனா? ஜெயித்தால் கிளினிக்கைப் பூட்டுவார். அப்புறம் நான் காலையில் எந்தக் கதவைப் போய்த் திறப்பது?

மார்ச் 27
ஓட்டுப் போட்டேன். முன்பெல்லாம் சின்னம் பார்த்துப் போடுவேன். இன்று எல்லாப் பெயரையும் படித்தேன்.
"பெரியவரே, உள்ள என்ன பண்றீங்க?" என்றார் அதிகாரி.
"படிக்கிறேன் சார்."
டாக்டர் மூன்றாவது வரி. ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை.
யாருக்குப் போட்டேன் என்று இங்கே எழுத மாட்டேன். வீட்டுக்காரியும் அதே வகுப்பில்தான் படிக்கிறாள். அவள் டாக்டருக்குத்தான் போட்டாளாம்.

மார்ச் 30
தோற்றுவிட்டார். கிளினிக்கில் உட்கார இடமில்லை. அவர் நுழைந்ததும் பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்றது. "அநியாயம் டாக்டர்" என்றார் முட்டிவலி அம்மா.
டாக்டர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். "இப்பத்தான் படிக்க வருதே. படிங்க."
எங்கள் தெருச் சாவடியில் விழுந்த ஓட்டு விவரம். அவருக்கும் கட்சி ஆட்களுக்கும் ஓட்டு வேறு தெருவில். மூன்றாவது வரியில் அவர் பெயர், எதிரே பூஜ்யம்.
ஐந்து மாதத்தில் முதல் முறையாக, படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாமே என்று தோன்றியது.
"டோக்கன் கூப்பிடுங்க" என்றார்.
தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முதல் டோக்கனைக் கூப்பிட்டேன்.

ஏப்ரல் 12
அடுத்த தேர்தலிலும் நிற்கப்போகிறாராம். அறிக்கையை இப்போதே எழுத ஆரம்பித்து, பிழை பார்க்க என்னிடம் கொடுத்தார். என்னிடம்! முதல் வாக்குறுதி: 'ஜெயித்தாலும் வாரம் மூன்று நாள் கிளினிக் உண்டு.'
வாலைத் தேடினேன். தாளைத் திருப்பியும் பார்த்தேன். இல்லை.