பதினேழு இடையூறுகள்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் கால்வலி எப்படி இருக்கிறது?

கல்வி அலுவலகச் சுற்றறிக்கை உனக்கும் வந்திருக்கும். மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகளை ஒப்பிடப் போகிறார்கள். நம் இரண்டு பள்ளிகளில் மதிப்பெண் குறைந்தது மூடப்பட்டு மற்றதோடு சேர்க்கப்படும். பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரே வந்து மதிப்பிட வேண்டுமாம். நாம் அக்கா தம்பி என்பது அலுவலகத்துக்குத் தெரியாது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

என் பள்ளியில் ஊசி விழுந்தால் கேட்கும். உன்னுடையதில் பீரோ விழுந்தாலும் கேட்காதாம். அடுத்த வாரம் புதன்கிழமை வருகிறேன்.

அக்கா

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கால் பரவாயில்லை. வா. பார்த்ததைப் பார்த்தபடி எழுது. சின்ன வயதில் கேரம் ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்றாயே, அதையே நான் இன்னும் மன்னிக்கவில்லை. உன் பள்ளியைப் பற்றி நானும் உள்ளதைத்தான் எழுதுவேன்.

தம்பி

ஜூன் 12

தம்பி,

நேற்று ஏழாம் வகுப்பில் நீ பின்னம் நடத்தினாய். "அரையை அரையால பெருக்கினா ஏன் சார் குறையுது? பெருக்கினா கூடணும்ல?" என்றாள் ஒருத்தி. "மேடம், நீங்க என்ன எழுதறீங்க? காட்டுங்க" என்று என்னிடமே வந்தான் ஒருவன். நாற்பது நிமிடத்தில் பதினேழு கேள்விகள்.

படிவத்தைப் புரட்டினேன். கேள்விகளுக்குக் கட்டம் இல்லை. மாணவர் குரல் வருகிற ஒரே இடம் 'வகுப்பறை இடையூறுகள், எண்ணிக்கை'. பதினேழு என்று எழுதிவிட்டேன். காலியாக விட்டிருக்கலாம். முப்பது வருடத்தில் எந்தக் கட்டத்தையும் நான் காலியாக விட்டதில்லை.

அக்கா

ஜூன் 25

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு,

உத்தரவு வந்தது. அந்தப் பதினேழால், இரண்டு மதிப்பெண்ணில் என் பள்ளி போயிற்று. தங்கள் பள்ளியில் இடையூறு பூஜ்யம் என்று எழுதியவன் நான்தான், அது உண்மை.

ஒப்பீட்டுப் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். "மாவட்டத்துலயே இடையூறுல நாமதான் சார் ஜாஸ்தி!" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நாற்பத்து மூன்று பேரையும் திங்களன்று அனுப்புகிறேன். மேசை நாற்காலிகளை ஒப்படைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் தங்கள் கீழ் கணக்கு ஆசிரியராகச் சேர அனுமதி வேண்டுகிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
உதவி ஆசிரியர்

ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

'அவர்களுக்கு' என்றா எனக்கு எழுதுவாய்? இனி அப்படி எழுதாதே.

உன் பிள்ளைகள் வந்தார்கள். காலைக் கூட்டத்தில் அந்தப் பின்னக்காரி கையைத் தூக்கினாள். "டீச்சர், இங்க ஏன் யாருமே பேச மாட்டேங்கறாங்க? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

நூற்றிருபது தலைகள் என் பக்கம் திரும்பின. "யோசிச்சு சொல்றேன்" என்று சமாளித்தேன்.

சாயங்காலம் என் அறை வாசலில் மூன்று பேர் நின்றார்கள். உன் பிள்ளைகள் இல்லை. ஆறு வயதிலிருந்து நான் வளர்த்தவர்கள். "யோசிச்சீங்களா டீச்சர்?" என்றார்கள்.

முப்பது வருடத்தில் என் பிள்ளைகளிடமிருந்து என்னிடம் வந்து நின்ற முதல் கேள்வி. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாற்காலிகளை வேறு யாராவது எண்ணட்டும். நாளைக்கே வா.

அக்கா