போகாத ஊருக்குப் போனவள்

பாத்தாம் தீவு, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு, ரெந்தினா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

நான் எழுத்தராக இருக்கும் சபையில் போன வாரம் ஒரு கூத்து. அடிக்கிற புருஷனிடம் திரும்பிப் போக மறுத்த தியுர்மா அக்காவை மூப்பர்கள் சபையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆனால் அடுத்த மாதம் பேராயர் பதிவேட்டைப் பார்க்க வருகிறார். நீக்கம் என்றிருந்தால் காரணம் கேட்பாராம்.

"வேற ஊருக்குப் போயிட்டதா எழுதும்மா. ஏதாவது ஒரு ஊரப் போடு," என்றார் மூப்பர் சவூர், வாழைப்பழ பஜ்ஜியை மென்றுகொண்டே. அவருடைய எண்ணெய் விரல் பட்ட இடத்தில் எழுதினேன். கைக்கு வந்தது நம் ஊர்ப் பெயர்தான்.

தேவாலயத்துக்குப் பின்சந்தில் குடியிருக்கும் அக்கா, விஷயம் காதில் விழுந்து மறுநாளே வந்தாள்.

"நான் எந்த ஊருக்குப் போயிருக்கேன், ரெந்தினா? அங்க எனக்கு வீடாவது பாத்து வெச்சிருக்காங்களா?"

"பாலிகே. எங்கம்மா இருக்காங்க," என்றேன் விளையாட்டாக.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப ஒரு கடுதாசி எழுதிக் குடு."

இதைக் கொண்டுவந்து உங்கள் முன் நிற்பவள் அவள்தான். என் அறையைக் கொடுங்கள். என் பழைய போர்வையை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இங்கே குளிரில்லை, இருந்தாலும் வேண்டும்.

அக்கா பெட்டியோடு வாசலில் நிற்கிறாள், கப்பலுக்கு நேரமாகிவிட்டது. அவள் அங்கே வந்துவிட்டால், பேராயர் வரும்போது பதிவேட்டில் பொய்யே இருக்காது. அந்தப் புண்ணியத்தையும் மூப்பருக்கே சேர்த்துவிட்டேனே என்றுதான் எரிச்சலாக இருக்கிறது.

உங்கள் மகள்,
ரெந்தினா