டீ கவர் சூட்டில் எரிந்த விளக்கு

சார்,

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். இன்று காலை ஈக்காட்டுத்தாங்கலில் பார்சல் டீ வாங்கினேன். பிளாஸ்டிக் கவர் உள்ளங்கையில் சுட்டதும் என் ஆட்டோவில் ஏறி ஓட்ட முடியவில்லை. அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தக் கவரை வைத்துத்தானே எனக்கு வித்தை காட்டினீர்கள்? தினமும் காலையில் டீயோடு வந்து மயிலாப்பூரில் உங்களை ஏற்றுவேன், கிண்டி ஆய்வுக்கூடத்து வாசலில் இறக்குவேன். அன்று மட்டும், "உள்ள வா தலைவரே, டீயையும் எடுத்துக்கோ" என்றீர்கள். மெல்லிய செப்புத் தகட்டில் ஒரு கறுப்புச் சில்லு, இரண்டு ஒயர், மிளகளவு விளக்கு. இரும்புக்குத் துரு போல, வனேடியம் என்ற உலோகத்துக்கு இது என்றீர்கள். விளக்கு எரியவில்லை. தகட்டின் அடியில் டீ கவரை வைத்தீர்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பட்டென்று எரிந்தது. நான் பின்வாங்கி ஸ்டூலில் மோதிக்கொண்டேன். மரக்கட்டையாகக் கிடந்தது, சூடு பட்டதும் கம்பி போலக் கரண்டை விட்டுவிட்டதே! டீ ஆறியதும் அணைந்துபோனது.

"இன்னா சார் இது? உள்ள இன்னா கீது?"

பதில், மாலையில் உங்களை வீட்டுக்கு ஏற்றிவரும்போது தேனாம்பேட்டை சிக்னலில் கிடைத்தது. பச்சை விழுந்தும் ஒரு வண்டி நகரவில்லை.

"பாரு, முன்னால இடம் இல்லாம எவனும் நகர முடியல. எலெக்ட்ரானும் அப்படித்தான். அணுவுக்கு ஒண்ணா உக்காந்திருக்கு. ஒண்ணுக்கொண்ணு ஆகாது, பக்கத்துல ஆள் இருந்தா போகாது. அதனால கரண்ட் நிக்குதுன்னு ஒரு கட்சி. இல்ல, ஆறினா அணுக்களே ரெண்டு ரெண்டா ஜோடி சேந்து ரோட்டையே மாத்திடுதுன்னு இன்னொரு கட்சி."

"இத்தினி பேர் படிச்சிக்கினு கீறாங்க, யாருக்கும் தெரியாதா சார்?"

"எல்லாருக்கும் தெரியும்பா. பாதிப் பேருக்கு ஒண்ணு, மீதிப் பேருக்கு வேற."

இருவரும் சிரித்தோம். பிறகு உங்கள் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டும் சேந்துதான் நடக்குது. எது முதல்ல ஆரம்பிக்குது? அத மட்டும் பாத்துட்டா எனக்குப் போதும்."

அந்தத் திங்கட்கிழமையும் டீயோடுதான் வந்தேன். உங்கள் வீட்டு வாசல் நிறையச் செருப்பு. கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி. உள்ளே நீங்கள். முந்தின நாள் மாலை, "சீக்கிரம் வா, புதுச் சில்லு ரெடி" என்று போனில் சொன்னவர். ஒரு காய்ச்சல் இல்லை, படுக்கை இல்லை. என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை சார். உங்கள் கை இருந்த இடத்துக்கு மேலே, கண்ணாடிமேல், டீ கவரை வைத்துவிட்டேன்.

பெட்டியைச் சுற்றி நடந்துகொண்டிருந்த ஜெபம் நின்றது. "யோவ், இன்னாய்யா பண்ற?" என்று யாரோ எட்டிப் பிடித்தார்கள்.

"விடுங்க" என்றார் உங்கள் மனைவி. "அவருக்கு டீ கொண்டாந்திருக்கார்."

கவரைச் சுற்றி மட்டும் கண்ணாடியின் பனி விலகியது. உங்கள் விரல்கள் தெரிந்தன. டீ ஆறும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கேள்விக்கு யாராவது விடை கண்டார்களா, கேட்க எனக்கு ஆள் இல்லை. தேனாம்பேட்டையில் நெரிசல் கட்டும்போதெல்லாம், எவன் முதலில் நின்றான் என்று நானும் தேடுகிறேன். நான் பார்க்கும்போது எல்லோரும் நின்றுவிட்டிருக்கிறார்கள், சார்.