காலி நிலம்

தாமுவே, யாங்கோன்
8 ஜூன் 2025

அன்புள்ள ரேவதிக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும், நம் கோமளாவுக்குப் பெண் குழந்தை பிறந்ததும் அமீர் அலி அண்ணன் சொல்லித் தெரிந்தது. பேத்திக்கு என் மூக்காமே. பாவம் அந்தக் குழந்தை. போனில் பேசலாமென்றால் நாலு வார்த்தைக்குள் அறுந்துவிடுகிறது. ஆபீஸ் விஷயத்தைப் போனில் பேசுவதும் நல்லதில்லை. அண்ணன் சரக்கெடுக்க அடிக்கடி பினாங்கு வருகிறாரே, இனி அவர் கையிலேயே கடிதம் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நீ போனதிலிருந்து கடை மொஹிங்கா மீன் நூடுல்ஸும் கடைச் சோறும்தான். நாக்கு செத்துவிட்டது.

ஆபீஸைப் பற்றி எழுதினால் இந்தக் காகிதமே நாறும், இருந்தாலும் உன்னிடம்தானே சொல்ல முடியும். போன வாரம் எங்களை ஒரு பெரிய ஹோட்டலுக்கு அழைத்துப் போனார்கள். பிராந்தியம் முழுவதற்கும் புதிதாக வளர்ச்சி இலக்கு வந்திருக்கிறது. இத்தனை தொழிற்சாலை, இத்தனை லட்சம் வேலை, ஆற்றுக்கு மேற்கே இத்தனை அடுக்குமாடி. எல்லா டவுன்ஷிப்பின் திட்டக் கொள்கைகளையும் அந்த இலக்குக்கு ஒத்துப்போகிற மாதிரி திருத்த வேண்டுமாம். லைங் தாயா டவுன்ஷிப் என் தலையில் விழுந்தது.

திரையில் வரைபடம் போட்டார்கள். உன் தங்கை நீலாம்பாள் குடியிருக்கும் ஆற்றோர வார்டு முழுவதும் வெள்ளையாக இருந்தது. மேலே 'காலி நிலம்' என்று எழுதியிருந்தார்கள். 2008-இல் அடித்த பெரும் புயலுக்குப் பிறகு வந்து, மூங்கில் நட்டு, மண் கொட்டி, ஆயிரக்கணக்கான குடும்பம் உட்கார்ந்திருக்கிற இடம் காலியாம்! அதைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் கிரீம் கேக் தின்றார்கள். பக்கத்தில் இருந்தவனின் உதட்டோரத்தில் ஒட்டியிருந்த கிரீமைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குமட்டியது.

பழைய கொள்கையில் ஒரு பத்தி உண்டு, உனக்குத் தெரியும். வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் மாற்று வீடு கொடுக்காமல் அங்கிருந்து ஒருவரையும் கிளப்பக் கூடாது என்ற பத்தி. நான் எழுதி, நீ படித்து, "இந்த வரியில் சந்து விடாதீங்க" என்று திருத்தச் சொன்னது. அது இலக்கோடு ஒத்துப்போகவில்லை, எடுத்துவிடுங்கள் என்கிறார் மேலதிகாரி ஊ சோ லின். எடுக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தேன்.

கோமளாவைக் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க விடாதே.

உன்
ராஜரத்தினம்

*

பினாங்கு
22 ஜூன் 2025

அன்பு நிறைந்த என் கணவருக்கு ரேவதி எழுதிக்கொள்வது.

குழந்தையும் தாயும் சுகம். மூக்கு உங்களுடையதுதான், கோபமும் அப்படியே. பால் கொஞ்சம் தாமதமானால் ஊரைக் கூட்டிவிடுகிறாள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, குழந்தைத் துணியை அவரே அலசிப் போடுகிறார். நீங்கள் ஒரு நாள்கூடச் செய்ததில்லை என்று கோமளாவிடம் சொல்லிக் காட்டினேன்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். காலி நிலம் என்று எழுதினவன் ஒரு நாள் காலையில் அங்கே வந்து நிற்க வேண்டும். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, சோற்றுத் தூக்கோடு பாக்டரி பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்களின் கூட்டத்தில் அவன் மிதிபட்டே செத்துப்போவான்.

நீங்கள் முடியாது என்று சொன்னது எனக்குப் பெருமையாக இருக்கிறது. கோமளாவிடமும் சொன்னேன். "அப்பாவா?" என்று கேட்டாள். "ஆமாம், உங்க அப்பாதான்" என்றேன். நாங்கள் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். தப்பாக நினைக்காதீர்கள், சந்தோஷத்தில் சிரித்ததுதான்.

நீலாவைப் போய்ப் பாருங்கள். புருஷன் போனதிலிருந்து அவளுக்கு நம்மைத் தவிர ஆளில்லை. பாக்டரியில் தையல் மிஷினில் குனிந்து குனிந்து கழுத்து வலி என்கிறாள். தைலம் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன், சேர்த்துவிடுங்கள். பத்தியை விட்டுவிடாதீர்கள்.

உங்கள்
ரேவதி

*

தாமுவே
20 ஜூலை 2025

அன்புள்ள ரேவதிக்கு,

உன் கடிதமும் தைலமும் கிடைத்தன. நீ வைத்தனுப்பிய குழந்தையின் படத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஆலோசகர்கள் மூன்று பேரை லைங் தாயாவுக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். அந்த அருவருப்பை எப்படி எழுதுவது? முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், முகமூடி, கழுத்தில் அட்டை. ஒரு கிழவர் கை கொடுத்தார். கொடுத்துவிட்டு அவர் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் பையிலிருந்து கிருமி மருந்தை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டான் ஆலோசகர்களில் ஒருவன். கிழவர் பார்த்துவிட்டார். எனக்கு அவன் கழுத்தைப் பிடித்து ஓடையில் தள்ளலாம் போலிருந்தது.

ஆனால் ரேவதி, ஓடையும் ஓடையாக இல்லை. மழை பெய்து கக்கூஸ் தண்ணீரெல்லாம் பாதைக்கு வந்துவிட்டது. பலகை மேல் நடந்தோம். சாயத் தண்ணீர் நீலமாக ஒரு பக்கம், செத்த எலி ஒரு பக்கம். வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டும் அந்த நாற்றம் போகவில்லை. மனிதர் இருக்கக்கூடிய இடமா என்று எனக்கே தோன்றியது.

நீலாம்பாள் வீட்டு வாசலில் நின்றிருந்தாள், அன்று அவளுக்கு ஷிப்ட் இல்லை போல. என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு வந்தாள். அந்த நேரத்தில் ஊ சோ லினும் ஆலோசகர்களும் பக்கத்தில் நின்றார்கள். இவள் என் கொழுந்தியாள் என்று தெரிந்தால், சொந்தத்துக்காகத்தான் அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் கண்ணைக் காட்டிவிட்டு மேலே நடந்தேன். புரிந்துகொண்டிருப்பாள். தைலத்தை இன்னொரு நாள் கொடுக்கிறேன்.

பத்தியை முழுவதும் விடவில்லை. அடிக்குறிப்பாக மாற்றியிருக்கிறேன். 'இயன்றவரை' என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தேன். ஒன்றுமே இல்லாமல் போவதற்கு இது மேல் அல்லவா?

உன்
ராஜரத்தினம்

*

பினாங்கு
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். குழந்தைக்கு நீலவேணி என்று பெயர் வைத்தாயிற்று.

நீலா போன மாதமே என்னோடு பேசினாள். "மாமா வந்தாருக்கா, பெரிய ஆளுங்களோட வந்தாரு. டீ போடலாம்னு அடுப்பு மூட்டுனேன். என்னைத் தாண்டிப் போயிட்டாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குறை சொல்லத் தெரியாதவள். நான்தான் "அவருக்கு அவசரமா இருந்திருக்கும்டி" என்று பூசி மெழுகினேன். உங்கள் கடிதம் வந்தபிறகுதான் தெரிந்தது, அவசரம் ஒன்றும் இல்லை என்று.

மருந்து போட்டுக் கை துடைத்தவனைத் தள்ளிவிட நினைத்தீர்களே, நீங்கள் வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டிருக்கிறீர்கள். அந்தச் சாயத் தண்ணீர் அவர்கள் வீட்டிலிருந்து வரவில்லை. பாக்டரியிலிருந்து வருகிறது. வளர்ச்சி இலக்கில் இன்னும் பத்துப் பாக்டரி இருக்கிறதே, அதற்கு மூக்கைப் பிடிக்கவில்லையா?

'இயன்றவரை' என்ற வார்த்தை வரை படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். அன்றைக்கு நான் சந்து என்று சொன்னது இதைத்தான். நீங்கள் அதைக் கதவாகவே திறந்துவிட்டீர்கள்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பழைய பத்தியை வைத்து அனுப்புங்கள். எடுப்பதாக இருந்தால் அவர்களே எடுத்துக்கொள்ளட்டும், உங்கள் கையால் வேண்டாம்.

ரேவதி

*

தாமுவே
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ரேவதிக்கு,

நீ தூரத்தில் இருந்துகொண்டு எழுதுவது சுலபம். தினமும் அந்த நாற்காலியில் உட்காருகிறவன் நான். அடிக்குறிப்பும் போய்விட்டது. பிராந்தியத்தின் இலக்கில் இல்லாத ஒன்று டவுன்ஷிப்பில் இருக்கக் கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நான் கையெழுத்துப் போடாவிட்டால் என் கீழே இருக்கிறவன் போடுவான், அவனுக்குப் படிக்கக்கூடத் தெரியாது. போட்டுவிட்டேன். கைகழுவும் இடத்தில் போய் வாந்தி எடுத்தேன். நம்பினால் நம்பு.

நீலாம்பாளை நான் மறக்கவில்லை. அடுக்குமாடி கட்டப் போகிற கம்பெனிக்காரரிடம் பேசி, அவளுக்கு மட்டும் ஒரு வீடு சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டாவது மாடி, ஆற்றுப் பக்கம் காற்று வரும். வெளியே மூச்சு விடக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. போய்ச் சொன்னேன், தைலத்தையும் கொடுத்தேன். அவள் எனக்கு டீ கொடுத்துவிட்டு, "பக்கத்து வீட்டு மா கின் எங்க போவாங்க, மாமா?" என்று கேட்டாள். "அதெல்லாம் பார்த்துக்குவாங்க" என்றேன். அவள் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நன்றி கெட்டவள் என்று எழுத எனக்கு மனமில்லை. நீ கொஞ்சம் எடுத்துச் சொல்.

அடுத்த மாதக் கடைசியில் என்னைப் பதவி உயர்த்துகிறார்கள். இதற்காகத்தான் என்று நினைத்துக்கொள்ளாதே. வருகிற இருபதாம் தேதி லைங் தாயா மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், கொள்கையை நான்தான் வாசிக்க வேண்டும். முடிந்ததும் உனக்கு டிக்கெட் எடுக்கிறேன். வீடு வீடாக இல்லை. சீக்கிரம் வந்துவிடு.

உன்
ராஜரத்தினம்

*

ஆற்றோர வார்டு, லைங் தாயா
21 செப்டம்பர் 2025

ராஜரத்தினம் அவர்களுக்கு,

மேலே இருக்கும் விலாசத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். கோமளாவிடம் சொல்லிவிட்டு, அவளே டிக்கெட் எடுத்துக் கொடுக்க, வியாழக்கிழமை வந்து இறங்கினேன். நேராக நீலா வீட்டுக்குத்தான் வந்தேன். ஒரு நாள் இருந்துவிட்டுத் தாமுவேக்கு வருவதாகத்தான் நினைப்பு. கூட்டத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு உங்களோடு ஒரே டாக்ஸியில் வீட்டுக்குப் போகலாம் என்றுகூட ஒரு நப்பாசை.

நேற்று மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்தேன். முன்வரிசைகளில் கம்பெனி பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிய ஆட்கள். ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம், ஒரே மாதிரிச் சட்டை. நீங்கள் வாசித்தபோது எங்கே கை தட்ட வேண்டும் என்று ஒருவன் சைகை காட்டினான், தட்டினார்கள். உங்கள் குரல் நடுங்கும் என்று காத்திருந்தேன். நடுங்கவில்லை. நன்றாகவே வாசித்தீர்கள். 'காலி நிலம்' என்று வந்த இடத்தில் தண்ணீர் குடித்துவிட்டு மேலே போனீர்கள்.

நீலா எழுந்து நின்றாள். நான் அவளுக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே எழுந்தாள். பர்மியத்தில்தான் கேட்டாள், ஐயா என்கிற மாதிரி 'சயா' போட்டு மரியாதையாகத்தான் கேட்டாள். "எங்களில் ஒருவருக்கு மட்டும் வீடு தருவதாகச் சொல்கிறார்கள். எனக்கு வேண்டாம். எல்லோருக்கும் என்று எழுதியிருந்த பத்தியை யார் எடுத்தது, சயா?"

நீங்கள் அவளைப் பார்த்தீர்கள். நம் கல்யாணத்தில் உங்களுக்கு மாலை எடுத்துக் கொடுத்தவள், கோமளாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். மைக்கைக் கிட்டே இழுத்து, "குறிப்புக்காகக் கேட்கிறேன், உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டீர்கள்.

அவள் பெயரைச் சொன்னாள், உட்கார்ந்துவிட்டாள். வெளியே வந்து, "மாமாவுக்கு என்ன கஷ்டமோக்கா" என்று உங்களுக்காகப் பேசினாள். கையெழுத்துக்காக நீங்கள் வாந்தி எடுத்ததாக எழுதியிருந்தீர்கள், அதை நம்பினேன். நேற்று அந்தக் கேள்விக்குப் பிறகு நீங்கள் ஊ சோ லின் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிச் சிரித்தீர்களே, அதை என் கண்ணால் பார்த்தேன்.

முப்பது வருஷம் உங்கள் எச்சில் தட்டில் சாப்பிட்டவள் நான். அருவருப்பு என்றால் என்னவென்று நேற்றுவரை எனக்குத் தெரியாது. இங்கே பாதையில் கக்கூஸ் தண்ணீர் இன்னும் நிற்கிறது. அதில் கால் வைத்துத்தான் நடக்கிறேன். வந்து கழுவினால் போய்விடுகிறது.

இன்று காலை மா கின்னும் இன்னும் சில பெண்களும் வந்தார்கள். எதிர்ப்பு மனு எழுத வேண்டும் என்றார்கள். அந்தப் பழைய பத்தி எனக்கு மனப்பாடம். ஒரு சந்தும் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். முதல் கையெழுத்து நீலாவுடையது, அடுத்தது என்னுடையது. மனு நாளை உங்கள் ஆபீசுக்கு வரும்.

தாமுவே வீட்டுச் சாவியை அமீர் அலி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். என் சேலைகளைக் கட்டி அவரிடம் கொடுத்துவிடுங்கள். டிக்கெட் எடுக்க வேண்டாம்.

ரேவதி