காலி என்கிறார்கள்

அன்பு மகனுக்கு அப்பா சொல்லி எழுதுவது,

இங்கே எல்லோரும் நலம் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். இதைக் கீழ்வீட்டுத் தையற்காரர் எழுதுகிறார். உன் மனைவியிடம் எழுதச் சொல்லவில்லை. நான் சொன்னதைத்தான் இவர் எழுதினாரா என்று பூட்டுக் கடைக்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே தபாலில் போடுவேன். தையற்காரருக்கு இதில் மனத்தாங்கல். இருக்கட்டும்.

உன் மகளுக்குத் தாடையில் ஆப்பரேஷன் முடிந்தது. பல்லுக்குக் கம்பி கட்டப்போன இடத்தில் எடுத்த படத்தில், பல் வேருக்கு அடியில் எலும்புக்குள் கறுப்பாய் ஒரு குழி தெரிந்ததே, அதற்குத்தான். வலி இல்லை, வீக்கம் இல்லை. வலிக்காத நோயை நான் நம்புவதில்லை.

“உள்ள ஒண்ணுமே இல்ல பெரியவரே, வெறும் காலி. அபூர்வமா சிலருக்கு வரும். கொஞ்சம் சுரண்டி, ரத்தம் கசிய விட்டு மூடிட்டோம். அது உறைஞ்சு தானா எலும்பாயிடும்” என்றார் டாக்டர். புற்றா என்று நேராகவே கேட்டேன். இல்லவே இல்லை என்று சிரித்தார். எதற்குச் சிரிப்பு?

நான் ஆயுள் முழுக்கத் தரைக்கு டைல்ஸ் ஒட்டியவன். தட்டும்போது அடியில் காலி என்று சத்தம் சொன்னால், பெயர்த்துச் சிமெண்டு நிரப்பாமல் விட்டதில்லை. இவர்கள் காலியை அப்படியே வைத்து மூடியிருக்கிறார்கள். பேத்தி தூங்கும்போது நகத்தால் தாடையை மெல்லத் தட்டிப் பார்த்தேன். “மாமா, அது என்ன பாத்ரூம் சுவரா?” என்று உன் மனைவி கத்தினாள். அவள் உன்னோடு போனில் பேசும்போது நான் போனால் குழாயைத் திறந்துவிடுகிறாள். கழுவப் பாத்திரமே இல்லை.

பேத்தியோ, “தாத்தா, என் தாடையில இடம் காலியா இருக்கு, வாடகைக்கு வர்றீங்களா?” என்கிறாள். சிரித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உன் அம்மாவின் வயிற்றைத் திறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நீ சொன்னாய்: “உள்ள ஒண்ணுமில்லப்பா, மூடிட்டாங்க, தானா சரியாயிடும்.” நீலச் சட்டை போட்டிருந்தாய், மேல் பொத்தான் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் உன் செருப்பையே பார்த்தாய். மழைக்காலத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள். இப்போது அதே வார்த்தையைப் போனில் சொல்கிறாய். போனில் செருப்பு தெரியாது.

ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுப்பார்களாம். எலும்பு வளர்ந்திருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியுமாம். எனக்கு எழுத்துத் தெரியாது, கறுப்பு வெளுப்பு தெரியும். அன்றைக்கு நீ வந்து என் பக்கத்தில் நில். லீவு இல்லை என்று சொல்லாதே. என் முகத்தைப் பார்த்து ‘ஒண்ணுமில்லப்பா’ என்று ஒரு தடவை சொல். நம்பிவிடுகிறேன்.

என் ஆயுசில் மிச்சம் இருப்பது பேத்திக்குச் சேரட்டும். நீ நன்றாயிரு.

உன் அப்பா,
கைநாட்டு