ஊர் சுற்றும் ஆய்வுக்கூடம்

ஜூன் 14

ஒன்பதாம் வகுப்பில் அமிலமும் காரமும். லிட்மஸ் தாள் நிறம் மாறுவதைக் காட்ட என்னிடம் இருந்தது வெள்ளைச் சாக்பீஸ் மட்டும். "சிவப்பா மாறிடுச்சுன்னு நெனச்சுக்கோங்க" என்றேன். நினைத்துக்கொண்டார்கள். நல்ல பிள்ளைகள், எதைச் சொன்னாலும் நினைத்துக்கொள்வார்கள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து என் மகளும் நினைத்துக்கொண்டாள்.

ஜூன் 20

நாத்தனார் வந்திருந்தார். வந்ததும் அதே பாட்டு. "நீ வாங்குற சம்பளத்துக்கு அவள ஒரு நல்ல ஸ்கூல்ல போடக் கூடாதா?" அப்போ நான் வேலை பார்ப்பது எங்கேயாம்? அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு சொந்தப் பிள்ளையைத் தனியாரில் விட்டுவிட்டு வருகிற கூட்டத்தில் நான் சேர மாட்டேன் என்று வீம்பாகத்தான் இவளை இங்கே போட்டேன். சமைக்கிறவளே தொடாத சோற்றை வேறு யார் தொடுவார்கள்?

என் கணவர் எனக்காகப் பேசவில்லை. நாத்தனார் போன பிறகு, "இந்த வருஷம் பாப்போம். உங்க ஸ்கூலுக்கு லேப் வரலன்னா மாத்திடலாம்" என்றார். சரி என்றேன். வரும். எல்லாப் பள்ளிக்கும் கட்டித் தரப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது.

ஜூலை 9

பேச்சு உண்மைதான். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிகளுக்கு நிதி. அதிகாரி நேரில் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிறார்.

"லேப்னு பேர் போட்ட அறையைத் திறந்து அப்படியே காட்டிடலாம் சார். உடைஞ்ச பெஞ்சுதானே கெடக்கு" என்றேன். தலைமையாசிரியர் தலையைச் சொறிந்தார். "போன வருஷம் இருந்த சாமானெல்லாம் எங்கேன்னு கேட்டா? வித்துத் தின்னுட்டோம்பாங்க டீச்சர். நான் ரிட்டையர் ஆகுற நேரம்."

போன வருடம் இருந்தவை எங்களுடையவை அல்ல. இந்த வட்டாரத்துக்கே ஒரு பள்ளியில்தான் லேப் சாமான் இருக்கிறது. இன்ஸ்பெக்‌ஷன் எங்கேயோ அங்கே அதுவும் போகும், வாடகைப் பாத்திரம் மாதிரி. வருடாவருடம் நடப்பதுதான். யாரும் வெட்கப்படுவதில்லை.

நான் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம்.

ஜூலை 11

ஆட்டோவில் பெட்டிகள் வந்து இறங்கின. பியூன் அறையைக் கழுவினார். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்: கேட்டால், வாராவாரம் வருகிறோம் என்று சொல்ல வேண்டும். இதை மட்டும் நினைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. மனப்பாடம்.

ஜூலை 12

மைக்ரோஸ்கோப்பில் வெங்காயத் தோலைப் பார்க்க அடிதடி. ஒருத்தி கண்ணை எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் அவள் ஜடையைப் பிடித்து இழுத்தார்கள். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வகுப்பு எனக்கு அமைந்ததே இல்லை. கொஞ்ச நேரம், சத்தியமாக, சந்தோஷமாக இருந்தேன்.

அதிகாரி அம்மா அத்தனை பேரை விட்டுவிட்டு என் மகளைத்தான் கேட்டார். "லேபுக்கு அடிக்கடி வருவீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன்.

"வாராவாரம் வருவோம் மேடம்."

பிறகு சாமான்களை ஏற்றிக்கொண்டு ஆட்டோ அடுத்த பள்ளிக்குப் போய்விட்டது. பள்ளியில் அவள் என்னை டீச்சர் என்பாள், வாசல் தாண்டினால் அம்மா. அதுதான் எங்கள் ஏற்பாடு. ராத்திரி தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "டீச்சர், சாப்பாடு போடுங்க."

ஆகஸ்ட் 23

பதில் வந்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் தலைமையாசிரியர் சொன்னார். இந்த வட்டாரத்தில் ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியே இல்லையாம். அதனால் நிதி திரும்பிப் போய்விட்டதாம். அதே பெட்டிகளைப் பள்ளிக்குப் பள்ளி போய்ப் பார்த்திருக்கிறார்கள், ஒவ்வொரு இடத்திலும் திருப்தி.

"நம்ம ஸ்கூல தனியா பாராட்டியிருக்காங்க டீச்சர்" என்றார். மனுஷன் கிண்டலுக்குச் சொல்லவில்லை. யாரோ டீ வாங்கிவரச் சொன்னார்கள். குடித்தேன். குடிக்காமல் எழுந்து போகிற ரோஷம்கூட இல்லை எனக்கு.

ஆகஸ்ட் 24

நேற்று எழுதியதை நாலு தடவை படித்தேன். வேறொன்றும் எழுத ஓடவில்லை.

ஆகஸ்ட் 30

மகளிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "நான் இல்லன்னு சொல்லியிருந்தா லேப் வந்திருக்குமாம்மா?"

உன்னால் இல்லை, எங்களால்தான் என்றேன். அவள் நம்பவில்லை. பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவள் சொன்னால் எப்படி நம்புவாள்? எங்கள் பயத்துக்கெல்லாம் சேர்த்து இவள் தலையில் கை வைத்துவிட்டேனே. பாவி.

செப்டம்பர் 15

அவர் "சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். புதுப் பள்ளியின் சீருடைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தோம். அங்கே லேப் மாடியில் இருக்கிறது. மகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அக்டோபர் 4

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. முதல் பெஞ்சில் ஒரு இடம் காலி. என் மகள் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள், ஏதாவது பூசி மெழுகலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். யாரும் கேட்கவில்லை. தெரிந்திருக்கிறது.

பாடம் தொடங்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், இனிமே அந்த எடத்துல நான் உக்காரட்டுமா? இங்கேர்ந்து போர்டு சரியா தெரியல."

உட்காரச் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள், எனக்கு நன்றி வேறு சொன்னாள்.